பேக்ஹேண்டும் பார்ட்னரின் கணுக்காலும்

ஷட்டில் ஆட ஆரம்பித்து ஐந்து வருஷம் வரை எனக்கு பேக்ஹேண்ட் என்று ஒன்று கிடையாது. யாராவது கேட்டால் "இருக்கு, ஆனா யூஸ் பண்றதில்ல" என்று சொல்லித் திரிந்தேன். பாஸ்புக்கில் பத்து ரூபாய் இல்லாதவன் "பணம் இருக்கு, எடுக்கறதில்ல" என்று சொல்வது மாதிரி :-)

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வலது கைக்காரன் வலது பக்கம் வருவதை உள்ளங்கை முன்னால் போக அடித்தால் ஃபோர்ஹேண்ட். இடது பக்கம் வருவதைப் புறங்கை முன்னால் போக அடித்தால் பேக்ஹேண்ட். வலைக்குப் பக்கத்தில் இது பெரிய விஷயமே இல்லை. டபுள்ஸில் சர்வீஸையே முக்கால்வாசிப் பேர் பேக்ஹேண்டில்தான் போடுகிறோம். சிக்கல் எல்லாம் இடது பின்மூலையில். தலையைத் தாண்டிப் பின்னால் போகிற காக்கை, வலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடித்து, 13.4 மீட்டர் நீளக் கோர்ட்டின் அந்தக் கடைசிக்கு அனுப்ப வேண்டும். காக்கின் எடை ஐந்து கிராம் சுமார். பலத்தைக் காட்டினால் போய்விடும் என்றால் நான் எப்போதோ அனுப்பியிருப்பேன்.

அந்த மூலைக்கு என்னிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சுற்றி ஓடிப்போய் தலைக்கு மேலே பேட்டைக் கொண்டுவந்து ஃபோர்ஹேண்டிலேயே அடிப்பது. இரண்டு, "உன்னுது!" என்று கத்துவது. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவதைத்தான் அதிகம் செய்தேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் காலத்தில் எங்கள் ஊரில் பூப்பந்துதான். மஞ்சள் கம்பளிப் பந்து, 24 மீட்டருக்கு 12 மீட்டர் கோர்ட், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் அது. "அஞ்சு பேர் நிக்கறப்ப உன் இடது பக்கம்னா அது இன்னொருத்தனோட வலது பக்கம் கண்ணு. அவன் பாத்துக்குவான். உன்ற ஆட்டத்துல யார் இருக்கா?" என்றார்.

பார்ட்னர் இருக்கான் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சேலத்தில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டியில் மூன்றாவது கேம். எதிரணிக்கு என் பேக்ஹேண்ட் விஷயம் முதல் கேமிலேயே புரிந்துவிட்டது. அதன் பிறகு சொல்லி வைத்த மாதிரி ஒவ்வொரு காக்கும் என் இடது பின்மூலைக்கே வந்தது. நானும் ஒவ்வொரு முறையும் கத்தினேன். பார்ட்னர் வலது பக்கத்திலிருந்து எனக்குப் பின்னால் குறுக்கே ஓடி ஓடி எடுத்துக்கொண்டிருந்தான். ஒருமுறை மட்டும் எனக்கு ரோஷம் வந்து ஓரடி பின்னால் வைத்தேன். அடுத்த நொடி பயம் வந்து நின்றுவிட்டேன். குதித்து அடித்தவன் இறங்கியது என் ஷூ மேல்.

கணுக்கால் பிசகி, தசைநார் கிழிந்திருந்தது. இரண்டு மாதம் கட்டு. அந்த வருஷம் மிச்சமிருந்த போட்டி எதிலும் அவன் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது "விடு மாப்ள, கால்தான" என்றான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாங்கள் படிப்பது காமர்ஸ். ஒருவன் பட்ட கடனை இன்னொருவன் கணக்கில் எழுதினால் அதற்கு என்ன பெயர் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்து வருஷமாக நான் செய்தது அதுதான்.

மே மாத லீவில் நாமக்கல்லுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் தகரக் கூரை போட்ட இன்டோர் கோர்ட் ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு மேல் உள்ளே நின்றால் இட்லி மாதிரி வெந்துவிடலாம். அங்கே தினமும் ஆட வரும் எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பத்து காக் போட்டுவிட்டுப் பார்த்தார். பத்தும் வலையில். அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான்.

முதல் தப்பு பிடி. பயத்தில் நான் பேட்டைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தேன். "நாமக்கல்காரனுக்கு இத சொல்லோணுமா? முட்டையப் புடிக்கற மாதிரி புடி. ஒடையவும் கூடாது, நழுவவும் கூடாது. அடிக்கற நேரத்துல மட்டும் இறுக்கு." கட்டை விரலை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். முன்னால் வலையருகே அடிக்கும்போது கைப்பிடியின் பட்டையான பக்கத்தில் வைக்கலாம். பின்மூலைக்கு அப்படியே வைத்தால் மணிக்கட்டு மடங்காமல் மாட்டிக்கொள்ளும். பக்கத்துச் சரிவான ஓரத்துக்கு விரலை நகர்த்த வேண்டும்.

இரண்டாவது, பலம் தோளில் இல்லை. முழங்கை முதலில் மேலே போய் நிற்க, முன்கை வெளிப்பக்கமாகத் திருக வேண்டும். பூட்டில் சாவியை வலப்பக்கம் திருப்புகிற அதே அசைவு, ஆனால் சாட்டை வேகத்தில். அடித்த பின் கையை நீளமாக வீசக் கூடாது. ஈரத் துண்டை உதறினால் கை ஓரிடத்தில் நின்றுவிடும், துண்டின் நுனி மட்டும் "பட்"டென்று வெடிக்குமே, அப்படி.

மூன்றாவதுதான் எனக்கு நிஜமாக உறைத்தது. "காக் உனக்குப் பொறத்தால போனதுக்கப்புறம் அடிக்கற தம்பி. பக்கத்துல வர்றப்பவே அடிக்கோணும். அதுக்கு மொதல்ல காலு போகோணும்." திரும்பி, கடைசி அடியில் வலது கால் அந்த மூலையைப் பார்த்து ஊன்ற, அதே நேரம் அடி, உடனே அதே காலால் தள்ளி நடுக்கோர்ட்டுக்குத் திரும்பு. நான் ஐந்து வருஷமாகக் கையில் இல்லை என்று நினைத்தது காலில்தான் இல்லாமல் இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி வீடியோக்கள் பார்த்தேன். பேக்ஹேண்ட் என்றாலே எல்லோரும் சொல்வது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இந்தோனேசியாவின் தவுஃபிக் ஹிதாயத்தை. அவர் கையை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் மந்திரமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்ஹெச்6 பிரிவில் வெண்கலம் வென்ற ஒசூர் நித்யஸ்ரீ சிவன். கோர்ட்டின் நீள அகலம் அவருக்காகச் சுருங்கவில்லை. எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தைக் கால்தான் கடக்க வேண்டும். அவர் ஆட்டத்தில் நான் காக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலையே பார்த்தேன்.

பிறகு நடந்தது சொல்வதற்குச் சுவையில்லாதது. காம்பவுண்டுச் சுவரில் தினம் 200 அடி, நைலான் காக்கில். இறகு காக் வாங்கிக் கட்டுப்படியாகாது. காலையில் அண்ணன் 50 காக் போடுவார். எத்தனை பாதிக் கோர்ட்டைத் தாண்டின என்று நோட்டில் எழுதினேன். முதல் வாரம் 50-க்கு மூன்று. நாலாவது வாரம் 11. லீவு முடியும்போது 24. அம்மா சுவரில் விழுந்த தடங்களைக் காட்டி, தீபாவளிக்கு வெள்ளையடிப்பது என் செலவு என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நேரம் இருந்தால் இன்றும் நான் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டில்தான் அடிப்பேன். பெரிய ஆட்டக்காரர்களும் முடிந்தவரை அப்படித்தான். பின்மூலை பேக்ஹேண்ட் என்பது தாமதமாகிவிட்டால் தப்பிக்கிற வழி. ஆனால் அந்த வழி இல்லாதவன் ஆட்டம் முழுக்க அந்த மூலையை நினைத்தே நிற்கிறான். இடது பக்கம் வந்துவிடுமோ என்று அரையடி தள்ளி நின்று, வலது பக்கத்தையும் கோட்டை விடுகிறான். இது எனக்கு ஐந்து வருஷம் தெரியவில்லை.

ஆகஸ்டில் பார்ட்னர் கணுக்காலில் பட்டை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தான். சும்மா ஒரு பிராக்டிஸ் ஆட்டம். மூன்றாவது பாயிண்டிலேயே காக் என் இடது பின்மூலைக்குப் போனது. பழக்க தோஷத்தில் எனக்குப் பின்னால் அவன் காலடிச் சத்தம் கிளம்பியது கேட்டது.

"என்னுது!" என்று கத்தினேன்.

அடித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, பாதிக் கோர்ட்டைக் கொஞ்சம் தாண்டி இறங்கியது. எதிரில் இருந்தவன் ஒரே ஸ்மாஷ், பாயிண்ட் போச்சு. நான் அசடு வழியத் திரும்பிப் பார்த்தேன். பார்ட்னர் அவன் பக்கத்திலேயே, வலது ஓரத்தில், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"பாயிண்ட் போனா போவுது மாப்ள. நான் ஓடல பாத்தியா?" என்றான்.