விடைபெறுதல் என்ற வடிவம்

முடிவு தானாக நேர்ந்துவிடும். விடைபெறுவதற்குத்தான் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. தேதி குறிக்க வேண்டும், மேடை போட வேண்டும், சாட்சிகளைக் கூட்ட வேண்டும். இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவே எவ்வளவு உண்மை தங்கும்? ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி இது. தி பேண்ட் என்ற ராக் குழுவின் விடைபெறும் கச்சேரியைப் பதிவு செய்த ஆல்பம். நான் பிறப்பதற்குப் பல வருஷங்கள் முன்பே நடந்து முடிந்த கச்சேரி. அதனால் பழைய நினைவுகளின் போதை எனக்கு இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது.

1976 நவம்பர் 25, அமெரிக்காவில் நன்றியறிதல் நாள். இடம் சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லாந்து அரங்கம். 1969இல் தி பேண்ட் என்ற பெயரில் இவர்கள் முதல் கச்சேரி செய்ததும் இதே அரங்கில்தான். சுமார் 5,000 பேர் வந்திருந்தார்கள். 25 டாலர் டிக்கெட்டில் வான்கோழி விருந்தும் சேர்த்தி. மேடைக்கு வேண்டிய ஜோடனைகளை சான் ஃபிரான்சிஸ்கோ ஆபராவிடம் இரவல் வாங்கினார்கள். ‘லா டிராவியாட்டா’வுக்காகச் செய்தவை. பாப் டிலன், ஜோனி மிட்செல், வான் மாரிசன், நீல் யங், மட்டி வாட்டர்ஸ் என்று விருந்தாளிகள் வரிசையாக மேடை ஏறினார்கள். மார்ட்டின் ஸ்கார்செஸி எல்லாவற்றையும் 35 எம்.எம்.மில் படமாக்கினார். 1978இல் படமும் வந்தது, மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பமும் வந்தது.

கவிஞர்களும் மேடை ஏறினார்கள் என்பது நம் வட்டத்துக்கு ருசிக்கும். லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி வந்தார். மைக்கேல் மக்ளூர், சாஸரின் ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரையைப் பழைய ஆங்கில உச்சரிப்பிலேயே சொன்னார். பி.ஏ. வகுப்பில் அதைப் பரீட்சைக்காக உருப்போட்டவன் நான். ஒரு யாத்திரை புறப்படுவதைச் சொல்லும் வரிகள் அவை. விடைபெறும் மேடையில் அவற்றைச் சொன்னது தற்செயலாக இருக்கலாம். படத்தில் அந்த இடம் வரும்போது, இந்த ஐந்து பேரில் எத்தனை பேருக்கு அன்று ஊர் திரும்பும் எண்ணம் இருந்தது என்று யோசிப்பேன்.

எல்லோருக்கும் இருக்கவில்லை. பதினாறு வருஷம் ஊர் ஊராக அலைந்தது போதும் என்று முடிவெடுத்தவர் ராபி ராபர்ட்ஸன். கித்தார் வாசித்தவர், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவரும் அவர்தான். மற்ற நால்வர் டிரம்ஸ் வாசித்த லீவான் ஹெல்ம், ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மானுவல், கார்த் ஹட்ஸன். ஹெல்முக்கு இந்த விடைபெறுதலில் சம்மதமில்லை. 1993இல் வெளியான தன் வாழ்க்கைக் கதையில் அதைக் கசப்போடு சொல்லியிருக்கிறார்.

வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது பழக்கமான விவகாரம். கூட்டாக இயங்கும் கணக்கை மூட வேண்டுமானால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் வந்து ‘மற்றவர்களுக்கும் சம்மதம்தான்’ என்று சொன்னால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கலையில் அப்படித் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. ராபர்ட்ஸன் சொன்னது ஐந்து பேரின் முடிவாயிற்று. படத்திலும் ஸ்கார்செஸியின் கேள்விகளுக்குப் பெரும்பாலும் அவரே பதில் சொல்கிறார். மற்றவர்கள் அறையின் ஓரங்களில் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். ஆல்பத்தில் நாம் கேட்பது முழுக்க அந்த இரவு அல்ல. சுருதி விலகிய இடங்களையும் பிசகிய வாசிப்பையும் பிறகு ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்து ஒட்டினார்கள். ஆறாவது பக்கத்தில் உள்ளவை கச்சேரியில் பதிவானவையே அல்ல. கவிஞன் திருத்துவதில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திருத்துகிறான். ஆனால் கவிதை தன்னை ஒரு தேதியின் சாட்சியாக முன்வைப்பதில்லை. நேரடிப் பதிவு முன்வைக்கிறது. வவுச்சரில் ஓர் எண்ணைத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்பது எங்கள் விதி. இந்த ஆல்பத்தில் திருத்தங்கள் இருக்கின்றன, சுருக்கொப்பம் இல்லை.

என்றாலும் இதை மோசடி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. காரணம் ஹெல்ம். தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜான் சைமன் பின்னால் சொன்னதை நம்பினால், ஹெல்மின் குரலும் டிரம்ஸும் மட்டும் அன்றிரவு இருந்தபடியே இருக்கின்றன. ‘தி நைட் தே டிரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்’ பாட்டைக் கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கத்தியான் ஒருவன் பேசுவதாக அமைந்தது. எழுதியவர் கனடாக்காரரான ராபர்ட்ஸன். பாடுபவர் ஆர்கன்சாவின் பருத்தி வயல்களுக்கு நடுவே வளர்ந்த ஹெல்ம். டிரம்ஸை அடித்தபடியே, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார். தோற்றவன் தரப்பின் அரசியலை ஏற்க நமக்கு அவசியமில்லை. ஆனால் தன்னைக் கேட்காமல் முடித்துவைக்கப்பட்ட ஒன்றுக்காக ஒருவன் குரல் கொடுப்பது காதில் விழுகிறது. அதன் பிறகு ஹெல்ம் அந்தப் பாட்டை மேடையில் பாடவில்லை. விடைபெற மறுத்தவர்தான் அன்று உண்மையில் ஒன்றிடமிருந்து விடைபெற்றிருக்கிறார். அதற்கு அறிவிப்பு எதுவும் கிடையாது.

மற்றபடி முடிவு தன் போக்கில் வந்தது. 1983இல் ராபர்ட்ஸன் இல்லாமல் மற்ற நால்வரும் மீண்டும் கூடினார்கள். முன்பை விடச் சிறிய அரங்குகள். 1986இல் ஃப்ளோரிடாவில் ஒரு கச்சேரிக்குப் பிறகு, தங்கியிருந்த விடுதி அறையில் மானுவல் தற்கொலை செய்துகொண்டார். அங்கே சரவிளக்கும் இல்லை, ஸ்கார்செஸியும் இல்லை. டாங்கோ 1999இல் போனார், ஹெல்ம் 2012இல், ராபர்ட்ஸன் 2023 ஆகஸ்டில்.

வங்கிப் படிவங்களில் ‘பிழைத்திருப்பவர்’ என்று ஒரு சொல் உண்டு. கடைசியில் அந்தச் சொல் கார்த் ஹட்ஸனுக்கு வந்து சேர்ந்தது. ஆர்கன் வாசித்தவர். மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது கீபோர்டுகளுக்குப் பின்னால் தாடியோடு குனிந்திருந்தவர். 2025 ஜனவரியில் அவரும் இறந்தார். இப்போது ஆல்பத்தைப் போட்டால் என் காது ஹெல்மின் குரலைத் தாண்டி, பின்னால் ஓடும் அந்த ஆர்கனைத் தேடிப் போகிறது. எந்தப் பாட்டையும் முடித்துவைக்கும் அவசரம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.