அந்த ஸ்லிப்பில் இருந்தது என் கையெழுத்து

ஓட்டல் வேலையில் எனக்குத் தைரியம் வந்த பிறகுதான் இந்தக் காரியத்தைச் செய்தேன். பயந்து நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் செய்யவில்லை. புது வேலையில் எப்படித் தைரியம் வந்தது என்று கேட்கிறவர்களிடம் பாதியைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எலவனாசூர்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் எடை போட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். அந்த வேலை போனபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. உளுந்தூர்பேட்டை–சேலம் சாலை நான்குவழியான பிறகு எங்கள் பக்கம் பெரிய ஓட்டல்கள் வந்திருந்தன. சென்னையிலிருந்து சேலத்துக்கும் கோவைக்கும் போகிற கார்கள் பெரும்பாலும் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகும். அப்படி ஓர் ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தேன். எந்த ஓட்டல் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேர்ந்த புதிதில் காரில் வந்து இறங்குகிறவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. மெனு கார்டு முழுக்க ஆங்கிலம். 'வெஜ் கோல்டு காயின்' என்று ஒருவர் கேட்டால், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நிற்பேன். நாக்கு உலர்ந்துவிடும். வீட்டுக்குக் கார்டு ஒன்றை எடுத்துப்போய், பெண்டாட்டியைக் கேள்வி கேட்கச் சொல்லி மனப்பாடம் செய்தேன்.

என்னை ஆளாக்கியது அப்போதிருந்த கேப்டன். சென்னையில் பல வருஷம் வேலை பார்த்தவர், நிதானமானவர். அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்றுதான். "தம்பி, ஆர்டர் எடுத்ததும் அங்கிருந்து நகராத. எழுதினதைக் கஸ்டமர்கிட்ட ஒருவாட்டி வாசிச்சுக் காட்டு. அவர் 'ஆமா'ன்னு சொன்ன பிறகுதான் ஸ்லிப்பைக் கிழிக்கணும்." எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தேன். வாசித்துக் காட்டுவதால் எனக்குப் பேச்சும் வந்தது. எதிரே இருப்பவர் தலையாட்டத் தலையாட்டப் பயம் குறைந்தது.

ஒருநாள் இரண்டு டேபிளின் பில்லை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அதிகமாகப் பில் வந்த ஆள், "திருடறீங்களாய்யா?" என்று ஹாலே அதிரக் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் வந்து எனக்கு முன்னால் நின்றார். "பில்லைச் சரிபார்க்க வேண்டியது நான்தான் சார். தப்பு என்னோடது" என்றார். அவர் அந்தப் பில்லைப் பார்த்ததே இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டுக்கூட என்னைத் திட்டவில்லை. டேபிள் நம்பரைப் பெரிதாக எழுதச் சொன்னார், அவ்வளவுதான். இரவு வீட்டில் அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவர் ஊருக்குப் போய்விட்டதும் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். வெள்ளைச் சட்டை போய்க் கறுப்புக் கோட்டு வந்தது. அதற்குள் எனக்கு எல்லாம் அத்துபடி. நாலைந்து டேபிள் ஆர்டரை எழுதாமலே மனசில் வைத்துக்கொண்டு, கல்லாப் பக்கம் வந்து மொத்தமாக ஸ்லிப் போடுவேன். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள், முதலாளியும் மெச்சினார். வாசித்துக் காட்டுகிற பழக்கத்தை எப்போது விட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அது புது ஆட்கள் செய்கிற வேலை என்று எண்ணத் தொடங்கியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலையிலிருந்து பையன் வந்தான். வெள்ளிமலைப் பக்கம் ஒரு சிற்றூர், மலையாளி என்கிற பழங்குடி இனம். பிளஸ் டூ முடித்திருந்தான். கிச்சனிலிருந்து டேபிளுக்குத் தட்டு கொண்டுவருகிற வேலை. அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆனால் ஓட்டலில் நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "டேய் மலை" என்போம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். "என்னண்ணா" என்று உடனே வந்து நிற்பான்.

மலை மக்களைப் பற்றிக் கீழே இருக்கிற எங்களுக்கு எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களிடம் இருந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. எங்கள் ஊர் டீக்கடைகளில் அந்த விசாரணையைப் பேசியவர்கள் குறைவு. மலைக்காரன் என்றால் சாராயம் என்கிற பேச்சுதான் ஓடியது. இந்தப் பையன் பீடிகூடக் குடிக்காதவன்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மதியம். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு ஒரு குடும்பம் வந்தது. நெற்றியில் திருமண், பெரியம்மா கையில் துளசி. சப்பாத்தியும் பன்னீர் பட்டர் மசாலாவும் தயிர் சாதமும் கேட்டார்கள். ஹால் நிரம்பிக் கிடந்தது. எழுதவில்லை, வாசித்துக் காட்டவில்லை. மூன்று டேபிளை மனசில் வாங்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்து எழுதினேன். எங்கள் வழக்கத்தில் பன்னீர் பட்டர் மசாலாவுக்குப் பி.பி.எம்., பட்டர் சிக்கனுக்குப் பி.சி.எம். என்று போடுவோம். அந்த டேபிளுக்கு நான் பி.சி.எம். போட்டுவிட்டேன். இரண்டுக்கும் கிரேவி ஒன்றுதான்: தக்காளி, முந்திரி, வெண்ணெய், மேலே கிரீம். கிண்ணத்தில் பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது.

பெரியம்மா ஒரு வாய் மென்றார். முகம் மாறியது. வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்கு ஓடினார். அவர் வாந்தியெடுக்கிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. மகன் எழுந்துவந்து பையனின் சட்டையைப் பிடித்தார். நான் போனேன். போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதிய எழுத்து கண் முன்னால் வந்தது.

பையன் என்னைப் பார்த்தான். "கிச்சன்ல குடுத்ததைத்தான் எடுத்தாந்தேண்ணா" என்றான்.

"எதை எடுக்கறோம்னு பாத்து எடுக்கத் தெரியாதா? மலையிலேருந்து வந்தா இப்படித்தான்" என்றேன் நான். மன்னிப்புக் கேட்கிற குரலில், அந்தக் குடும்பத்தைப் பார்த்துச் சொன்னேன். பதறாமல், தெளிவாகச் சொன்னேன். அத்தனை வருஷம் சேர்த்த தைரியம் முழுதும் அந்த வாக்கியத்துக்குப் பயன்பட்டது.

முதலாளி வந்தார், கைகூப்பினார், பில் வேண்டாம் என்றார். பையனை அப்போதே கணக்கு முடித்து அனுப்பச் சொன்னார். தமிழ்நாட்டில் ஓட்டல் தொழிலாளர்களுக்கென்று 1958லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் மாதிரி இடங்களில் அதை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? விசாரணை என்றால் கேப்டன் சொல்வதுதான் விசாரணை. அன்று கேப்டன் நான்.

அடுத்துச் செய்ததுதான் இன்னும் கேவலம். கிச்சனுக்குப் போய், கம்பியில் குத்தியிருந்த ஸ்லிப்புகளில் அந்த ஒன்றை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மாஸ்டர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கேப்டனைப் பகைத்துக்கொண்டு அவரும் அங்கே பிழைக்க முடியாது. கார்பன் காப்பி கல்லாவில் இருந்தது. பில் போடாததால் அதை யாரும் தேடவில்லை. அன்று இரவு அதையும் எடுத்துக் கிழித்தேன். ஆத்திரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்ல முடியாதபடி இந்தக் காரியம் தடுக்கிறது. இதை நிதானமாகச் செய்தேன்.

பையன் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நின்றான். "அண்ணா, என் மார்க் ஷீட்டை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க" என்றான். வேலைக்குச் சேர்க்கும்போது ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். எடுத்துவந்து கொடுத்தேன். பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்து, இரண்டாக மடியாமல் பார்த்துப் பைக்குள் செருகினான். கள்ளக்குறிச்சி பஸ் ஏறிப் போய்விட்டான்.

நான் தொடர்ந்து வேலை பார்த்தேன். சூப்பர்வைசர் ஆனேன். புதிதாக வருகிற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பும் வந்தது. "ஆர்டரை வாசிச்சுக் காட்டணும்" என்று அவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மேற்கொண்டு பேச வராது.

கடைசியில் அவனுடைய ஊர்க்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லிப்பில் தப்பாக எழுதியது நான், கிழித்ததும் நான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் மிஷின் சத்தம்தான் கேட்டது. அப்புறம் சொன்னான்: "தெரியும்ணா. ஸ்லிப்பைக் கிச்சனுக்குக் கொண்டுபோய்க் குடுத்ததே நான்தானே. பி.சி.எம்.னு படிச்சுத்தான் குடுத்தேன். கஸ்டமர் முன்னாடி எப்படிண்ணா உங்களைச் சொல்றது? நீங்களே சொல்வீங்கன்னு நின்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். "சரிண்ணா" என்றான். அதை மன்னிப்பு என்று நான் கணக்கில் வைக்கவில்லை. ஷிப்டு இருக்கிறது என்று போனை வைத்தான்.

மறுநாள் முதலாளியிடமும் சொன்னேன். முடிந்துபோன விஷயத்தை எதற்குக் கிளறுகிறாய் என்றார். அந்தப் பையனுக்கு எழுத்தில் ஒரு வேலைச் சான்று வேண்டும், அதில் அவன்மேல் குறை எதுவும் இல்லை என்று இருக்க வேண்டும் என்று கேட்டேன். தயங்கினாலும் கையெழுத்துப் போட்டார். அதைத் திருப்பூருக்கு அனுப்பிவைத்தேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பதில் வந்தது. பெரியம்மாவின் குடும்பம் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் சொல்ல வேண்டியது அப்படியே நிற்கிறது.

வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு ஓட்டல் வேலைக்கு இறங்கிவரும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். பழங்குடி, ஆதிதிராவிடர் பிள்ளைகளைச் சென்னை தரமணியில் இருக்கிற மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் சேர்த்துப் படிக்கவைக்க, தமிழக அரசு நிறுவனமான தாட்கோ ஒரு திட்டம் நடத்துகிறது. படிப்புச் செலவை அதுவே ஏற்கிறது. கள்ளக்குறிச்சி தாட்கோ அலுவலகத்தில் கேளுங்கள். அவன் எங்களிடம் இருந்த காலத்தில் இதை அவனுக்குச் சொல்லாமல் விட்டதும் என் கணக்கில்தான் சேரும்.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலைக்கு வருகிற பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைக்காதீர்கள். டேபிளில் தவறு நடந்தால், தட்டு கொண்டுவந்த பையனை வெளியே அனுப்புவதற்கு முன்னால் கேப்டன் எழுதிய ஸ்லிப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள்.