மலைமேல் ஓர் இரவு

சென்ற டிசம்பர் விடுமுறையில் பெற்றோருடன் வட தாய்லாந்திலுள்ள சியாங் ராய் மலைகளுக்குச் சென்றோம். அங்கே ஒரு சிற்றூரில் ஓர் இரவு தங்கினோம். அவ்வூர் மக்களின் இனப்பெயர் 'அக்கா' என்றதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊர் முகப்பில் ஒரு மரவாசல். தீய ஆவிகளைத் தடுக்கும் வாசல் என்பது அவர்கள் நம்பிக்கை, அந்நியர் தொடலாகாது. எங்களுள் இளையவள் கை நீட்ட, வழிகாட்டி பதறித் தடுத்தார். வெட்கித் தலைகுனிந்தோம்.

மூங்கில் வீட்டில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு மறுபக்கம். அம்மாவும் நாங்களும் அவ்வீட்டுப் பாட்டியுடன் தங்கினோம். அவருடைய தலையணியில் தொங்கிய வெள்ளிக் காசுகளில் ஒன்றைக் கண்டு திகைத்தோம். ஆங்கிலேயர் காலத்து இந்திய ரூபாய்! அந்நாளில் வணிகர் கைமாறி பர்மா வழியே அம்மலைகளுக்கு வந்த காசுகளாம். "எங்கள் நாட்டுக் காசு" என்று சைகை காட்டினோம். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

இரவில் கடுங்குளிர். பாட்டி தந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இது போதாதே!" என்று முணுமுணுத்தோம். விடியுமுன் விழித்துப் பார்த்தால், பாட்டி போர்வையின்றி அடுப்பருகே குந்தியிருந்தார். எங்களுக்குத் தந்தது அவருடைய கம்பளியே!

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்றுதான் அவளை நேரில் கண்டோம்.