சொத்தில்லாதவரின் உரிமம்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு. ஒருவரிடம் போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி அவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14(2). லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் இயற்றப்பட்ட பழைய சட்டத்தின் கீழ் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயமாக இருந்தது. அந்தப் பாகுபாட்டின் நினைவு மங்காத காலத்து நாடாளுமன்றம் எழுதிய சொற்கள் இவை. சொத்தில்லாதவரின் உயிரும் காக்கத்தக்க உயிரே என்ற எண்ணம் அவற்றில் தெரிகிறது. அந்த எண்ணம் நடைமுறையில் என்னவாகிறது என்பதை அறிய, ₹60,000 சேமிப்போடு ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கணக்கைப் பார்க்கலாம்.

அவர் உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில், ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இந்தி கற்பிக்கும் விருந்தினர் விரிவுரையாளர். எடுத்த வகுப்புகளுக்கு மட்டுமே ஊதியம். கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. 2020-இல் ஒரு நிலத் தகராற்றில் அவருடைய தம்பி கொல்லப்பட்டார். கண்ணால் கண்ட சாட்சி இவர் ஒருவரே. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிணையில் வெளியே வந்த வாரத்திலிருந்து, கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கத் தொடங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சாட்சிப் பாதுகாப்பு என்று ஒன்று இல்லாமல் இல்லை. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றும்வரை அதுவே சட்டமாகும் என்று அறிவித்தது. அத்திட்டத்தின்படி சாட்சிக்கு உள்ள அச்சுறுத்தலைக் காவல்துறை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். அவருடைய மனு மீதான அறிக்கை, அச்சம் பொதுவான தன்மையுடையது என்று முடிந்தது. அதன் பிறகுதான், 2021-இல், துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். அவர் கேட்டது காவல். கிடைத்தது ஒரு விண்ணப்பப் படிவம்.

விசாரணைக்கு வந்த அலுவலர் எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்கவில்லை. வீட்டில் ஆண்கள் யார், நிலம் எவ்வளவு, சொந்த வீடா என்றே கேட்டார். வாடகை வீடு என்றதும், “அப்படியானால் எதைக் காப்பாற்றத் துப்பாக்கி?” என்றார். விரிவுரையாளர் மறுநாளே ஒரு கடிதம் எழுதினார். பிரிவு 14(2)-ஐ அதன் இந்தி வடிவத்தில் சொல்லுக்குச் சொல் எடுத்தெழுதி, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்ற அடுத்த உட்பிரிவையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, மீண்டும் ஒரு காவல்துறை அறிக்கை என்று கோப்பு நகர்ந்தது. 2023 மார்ச்சில் உரிமம் கையில் வந்தது. 2019 திருத்தத்தின்படி 5 ஆண்டுகள் செல்லும்.

உரிமம் வந்ததும் எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி எழுந்தது. இதற்கான விடையில் பெரும்பகுதியைச் சட்டம் முன்பே எழுதி வைத்திருந்தது. இந்தியச் சட்டம் துப்பாக்கிகளைக் குழலின் துளை அளவைக் கொண்டு தடைசெய்யப்பட்டவை, தடைசெய்யப்படாதவை என்று பிரிக்கிறது. காவலரும் படையினரும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38 போன்ற அளவுகள் முதல் வகை. சாதாரணக் குடிமகனுக்குக் கைத்துப்பாக்கி என்றால் நடைமுறையில் .32 அல்லது .22 அங்குலம். 1980களின் நடுவிலிருந்து தனிநபர்களுக்கான இறக்குமதியும் ஏறத்தாழ நின்றுபோனது. அதற்கு முன்பு நாட்டுக்குள் வந்துவிட்ட வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி, ஐம்பது ஆண்டுப் பழமையோடு பல லட்சம் ரூபாய்க்கு விற்கின்றன. அந்த விலை எஃகுக்குரியது அன்று. புதிதாக ஒன்று வர முடியாது என்பதற்குரியது.

எஞ்சியவை உள்நாட்டுத் தயாரிப்புகள். 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை அறிமுகம் செய்தது. டைட்டானியக் கலவையால் ஆனது. எடை சுமார் 500 கிராம். பெண்களின் கைப்பைக்குள் அடங்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. 2012 டிசம்பரில் தில்லியில் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த மாணவிக்கு ஊடகங்கள் இட்ட ‘நிர்பயா’ என்ற பெயரின் எதிரொலியாகவே அதன் பெயர் அமைந்தது. அன்றைய விலை ₹1,22,360. பிறகு இஷாப்பூர்த் தொழிற்சாலையிலிருந்து ‘நிடர்’ வந்தது. .22 அளவு, எடை சுமார் 250 கிராம், விலையும் மிகக் குறைவு.

இந்தி ஆசிரியருக்கு இந்தப் பெயர்கள் கண்ணில் பட்டன. நிர்பயா, நிர்பீக் இரண்டும் அஞ்சுதல் என்னும் பொருளுடைய ‘பீ’ என்ற ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து பிறந்தவை. நிடர் என்பது அச்சத்தைக் குறிக்கும் ‘டர்’ என்ற சொல்லின்முன் இன்மை முன்னொட்டு சேர்ந்தது. மூன்று சொற்களும் அச்சமின்மையைச் சொல்கின்றன. மூன்றிலும் அச்சத்தின் பெயரைச் சொல்லாமல் அச்சமின்மையைச் சொல்ல வழியில்லை. வகுப்பில் முன்னொட்டுகளைப் பற்றிப் பாடம் எடுக்கையில் இவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று யோசித்து, அவர் சொல்லாமல் விட்டார்.

பிறகு கணக்கு. கையிருப்பு ₹60,000. அதற்குள் துப்பாக்கி மட்டும் அடங்கினால் போதாது. உறை, வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி, தோட்டாக்கள், சுட்டுப் பழகும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். பழகாத கையில் உள்ள துப்பாக்கி எதிராளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் துப்பாக்கி என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நிர்பீக்கின் விலை சேமிப்பைப் போல் இரு மடங்கு. .32 அஷானி பிஸ்டலும் கணக்குக்குள் வரவில்லை. புதிய துப்பாக்கிக்கு 28 விழுக்காடு சரக்கு சேவை வரி வேறு. (2025 செப்டம்பரிலிருந்து அது 40 விழுக்காடு, பான் மசாலாவும் உல்லாசப் படகும் உள்ள வரிசையில் கைத்துப்பாக்கியும் சேர்ந்துவிட்டது.) நிடர் ஒன்றே விலைக்கு எட்டியது. ஆனால் அதன் .22 தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. நடுவில் அடிபட்டு வெடிக்கும்.32-ஐவிட அது பொய்த்துப் போகும் வாய்ப்பு அதிகம். ஒருமுறைகூடப் பயன்படாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாங்கும் பொருள், பயன்படும் அந்த ஒருமுறையில் பொய்த்துவிடக் கூடாது.

ஆகவே, பழைய ரிவால்வர். இறந்துபோன உரிமதாரர்களின் துப்பாக்கிகளை, வாரிசுகளுக்கு வேண்டாதபோது, முகவர்கள் விற்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது என்று கற்றுக்கொண்டார். சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்தியபின் தோட்டா உருளை ஆடக் கூடாது. ஒவ்வொரு அறையும் குழலின் நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். குழலின் உட்புறத்தில் துருக்குழிகள் இருக்கக் கூடாது. உடலில் பொறித்த எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று கடைகளில் ஐந்து துப்பாக்கிகளைப் பார்த்து, ஆறாவதாக ஒரு கான்பூர் .32 ரிவால்வரை வாங்கினார். விலை சேமிப்புக்குள் அடங்கியது. பெட்டியும் உறையும் வாங்கியபின் எஞ்சிய பணத்தில் 20 தோட்டாக்கள். அவற்றில் 10-ஐப் பயிற்சியில் சுட்டார். ரிவால்வர் கனமாக இருந்தது. விசை இறுக்கமாக இருந்தது. அவருக்கென்று செய்யப்பட்ட பொருளாக அது தோன்றவில்லை.

எதிர்த்தரப்பு வீட்டின் கணக்கு வேறு. அங்கே மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2019-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒன்று மருமகனின் பெயருக்குப் போனது. 2016 விதிகள் இதற்கு இடம் தருகின்றன. உரிமதாரர் இறந்தாலும், 70 வயதை எட்டினாலும், 25 ஆண்டுகள் வைத்திருந்தாலும், வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். அங்கே யாரும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிலத்தோடும் பெயரோடும் அதுவும் வந்தது. அரசுத் தரவின்படி 2016 இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். கட்டுப்பாடு மிகுந்த சட்டம் என்று சொல்லப்படும் ஒன்றின் கீழ் இத்தனை துப்பாக்கிகள் எப்படி என்று வியக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் இச்சட்டம் ஓரளவு மென்மையாகவே நடந்துகொள்கிறது. புதிதாக வாசலில் வந்து நிற்பவரிடம்தான் அது கடுமை காட்டுகிறது. உரிமமே இல்லாத வழியும் உண்டு. ஊர்ப்பட்டறையில் செய்யப்படும் ‘கட்டா’ சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும். நாட்டில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற துப்பாக்கிகளால் நிகழ்பவை. விரிவுரையாளருக்கும் ஒருவர் அதைக் காட்டினார். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டத்தின் முன் சாட்சி சொல்லப் போகிறவர் சட்டத்துக்கு வெளியே போக முடியாது. எதிர்த்தரப்பு எதிர்பார்த்ததும் அதைத்தான்.

துப்பாக்கி எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறத்தக்க முடிவாகாது. கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி உள்ள சமூகங்களின் நிலையை நாம் அறிவோம். தம்பியை இழந்த அவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். கட்டுப்பாடு எல்லார்மீதும் ஒரே எடையில் விழுகிறதா என்பதே இங்கே கேள்வி. சொத்தில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று சட்டம் அலுவலரின் வாயை அடைத்தது. அலுவலர் சொல்லக் கூடாததைப் பிறகு விலைப்பட்டியல் சொன்னது, வாரிசுரிமை சொன்னது. அவற்றுக்கு எதிராக மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை.

2024 மார்ச் 16-இல் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வது வழக்கம். விலக்கு வேண்டுவோர் மாவட்டக் குழுவிடம் மனுச் செய்யலாம். அவர் செய்தார், பதில் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ரிவால்வரையும் 10 தோட்டாக்களையும் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டார். அவருடைய சாட்சியத்துக்கு நீதிமன்றம் குறித்த நாள் மே மாதத்தில் இருந்தது.

அன்று காலை வழக்கமான பேருந்தில் ஏறினார். மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது. பையில் அடையாள அட்டை, தண்ணீர்க் குப்பி, தம்பியின் ஒரு புகைப்படம், காவல் நிலைய ரசீது. சாட்சிக் கூண்டில் இரண்டரை மணி நேரம் நின்றார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அவரிடம் துப்பாக்கி இருப்பதையே சுட்டிக்காட்டி, பகை தீர்க்கக் காத்திருப்பவர் என்று நிறுவ முயன்றார். அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். அவர் ரசீதை எடுத்துக் கொடுத்தார்.