திரையில் வளரும் கட்டி

போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்மில் மாடி அறை ஒன்று. உயிரியல் படிக்கும் கல்லூரி மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திரை நடுவே வட்டமாக ஒரு செல் கூட்டம். ஓடுவது ஃபிசிசெல்: அமெரிக்காவில் பால் மேக்லின் குழு உருவாக்கி, 2018இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட இலவச மென்பொருள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு, இப்படி ஒன்றை இறக்கிக்கொள்வது இங்கே எளிதாகிவிட்டது.

ஒவ்வொரு செல்லுக்கும் சில விதிகள்தான். ஆக்சிஜன் போதுமானால் இரண்டாகப் பிரியும். மிகவும் குறைந்தால் சாகும். புற்றைத் தூண்டும் புரதம் அதிகமுள்ளது மஞ்சள்; குறைவானது நீலம். மஞ்சள் வேகமாகப் பெருகும்.

"அக்கா, இந்த ஓரத்தைப் பாருங்க."

வட்டம் குலைந்து ஒரு பக்கம் புடைத்தது. புடைப்பு முழுக்க மஞ்சள். நடுவில் ஆக்சிஜன் எட்டாத செல்கள் செத்துப் பழுப்பாகின. புடைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. செல்களின் போட்டியிலேயே அது விளைந்தது. நோயாளியின் உடலில் இதை நாள்தோறும் பார்க்க வழியில்லை. இங்கே ஒரு விதியை மாற்றி மறுபடி ஓட்டலாம்.

புற்றின் வளர்ச்சியைக் கணக்கில் பிடிக்கும் இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்த அதே 1954இல், ஆர்மிட்டேஜ், டால் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். பல புற்றுநோய்களில் மரணம் வயதின் ஆறாம் அடுக்கில் ஏறியது. அதாவது 40 வயதைவிட 80 வயதில் 64 மடங்கு. ஆறேழு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தே நோய் வருகிறது என்றார்கள். இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மோஹித் குமார் ஜாலியின் குழு, புற்றுச் செல் இடம்பெயரும் தன்மையை எப்படிப் பெறுகிறது என்பதைக் கணினி மாதிரிகளில் ஆராய்கிறது.

திரையில் இருப்பது நோயாளி அல்ல. கொடுத்த விதி தவறானால் விடையும் தவறும். ஆனாலும் புற்று ஒரே நாளில் வருவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை. பாக்கு விளையும் இந்தத் தீவுகளில் அது முக்கியம். பாக்கும் புகையிலையும் மெல்லும் வாயில் புற்றுக்கு முன் பெரும்பாலும் வருவது வெள்ளைத் திட்டு, அல்லது வாயை முழுதாகத் திறக்க விடாத இறுக்கம். அந்தக் கட்டத்திலேயே மெல்லுவதை விட்டு, மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டிவிட வேண்டும்.