இரண்டு கொக்குகள்

1898ஆம் ஆண்டு பெங்களூரைக் கொள்ளைநோய் வாட்டிய பின்னர், நெரிசல் தணிய எழுந்த புதுக்குடியிருப்புகளுள் ஒன்று பிரேசர் டவுன். மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் பெற்ற அதற்குப் புலிகேசி நகர் என்பது இன்றைய அரசுப் பெயர். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்த எம் தந்தையார் அங்கேதான் ஓர் ஓட்டுவீடு வாங்கினார்.

அவர் மறைந்தபின் அவ்வீட்டை விற்றோம். பங்கு குறித்துக் கடுஞ்சொல் சொன்னவர் நாமே; தம்பி ஈராண்டு பேசவில்லை. வீட்டை ஒழித்துக் கொடுக்கும் நாளில் பாத்திரங்களுக்கும் கட்டில்களுக்கும் உரியவர் கிடைத்தனர். மாமரத்தடியில் நின்ற இரு சிமெண்டுக் கொக்குகளை எவரும் வேண்டவில்லை. பொங்கல்தோறும் தந்தையார் அவற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அலகுக்கு மஞ்சள் தீட்டுவது பிள்ளைகளாகிய எம் பணி. குப்பை வண்டியில் ஏறவிருந்தவற்றைத் தம்பிதான் தடுத்தான்.

ஒன்றின் கால் முறிந்திருந்தது. அடிபட்டது என்றே எண்ணினோம். சுரண்டியபின் உண்மை விளங்கிற்று: நீர் புகுந்து, உள்ளிருந்த கம்பி துருவேறிப் பருத்துச் சிமெண்டைப் பிளந்திருந்தது. மேலே பூசி மறைத்தால் மீண்டும் வெடிக்கும். ஆதலால் துருவை முற்றும் தேய்த்தகற்றி, ரெட் ஆக்சைடு பூசி, சாந்து அப்பி, ஈரச் சாக்குச் சுற்றினோம். ஏழு நாள் இருவரும் மாறிமாறி நீர் தெளித்தோம். மூன்றாம் நாள் நாமே மன்னிப்புக் கேட்டோம்.

இன்று வீட்டுக்கொன்றாய் நிற்கின்றன. "கொக்கு நலமா, அண்ணா?" என்றே தம்பியின் தொலைபேசிப் பேச்சுத் தொடங்கும். கால் முறிந்ததை நாம் கேட்டு வாங்கிக்கொண்டோம்.