திறப்பு

விளம்பரத்தில் நான்கு படங்கள் இருந்தன. 28 போத்தல் கொள்ளும் வைன் பிறிட்ஜ், கறுப்பு நிறம், கண்ணாடிக் கதவு, விலை 90 யூரோ, வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் வன்சேன். அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் நின்றிருக்கிறாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் குடியை விட்டு 13 வருடம். விட்டவன் ஒருவன் வைன் வைக்கப் பெட்டி தேடினால் எந்த மனைவிக்குத்தான் நித்திரை வரும்? மூன்றாம் நாள் கேட்டாள்: "இஞ்சருங்கோ, வீட்டில இருக்கிற பிறிட்ஜுக்கு என்ன குறை?"

குறை இருந்தது. சாப்பாட்டு பிறிட்ஜ் 4 பாகையில் ஓடுவது. அதற்குள் காற்று வறண்டது. மாதக்கணக்கில் கிடந்தால் தக்கை காய்ந்து சுருங்கிக் காற்றை உள்ளே விட்டுவிடும். வைனுக்கு வேண்டியது 12 பாகை, கொஞ்சம் ஈரப்பதம், இருட்டு, ஆடாத இடம். எங்கள் வீடோ லா கூர்னெவ்வில் கடைசி மாடி, தட்டைக் கூரை. 2019 யூலை 25ஆம் திகதி பாரிசில் 42.6 பாகை அடித்தபோது சமையலறை அலுமாரிக்குள் தேங்காயெண்ணெய் தண்ணீராய் நின்றது. அந்த அலுமாரிக்குள்தான் இப்போது ஒரு மரப்பெட்டி இருந்தது.

பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். 1992இல் வந்தேன். பதினோராம் வட்டாரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒன்பது வருடம் கழித்து அடுப்புக்கு ஏற்றினார்கள். 2005இல் மகள் பிறந்தாள். அது போர்தோவுக்கு மிக நல்ல ஆண்டு என்று பத்ரோன் சொன்னார். பிறந்த ஆண்டு வைனைப் பிள்ளைக்கென்று எடுத்து வைப்பது இங்கே வழக்கம். அந்த ஆண்டு வைன் வந்து சேர்ந்ததும் ஆறு போத்தல் கொண்ட மரப்பெட்டியொன்றை நிலவறையில் ஒதுக்கி, வெண்கட்டியால் என் பெயரை எழுதினார். "இருபது வயதுவரை தொடாதே" என்றார்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊரில் காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் புளித்துவிடும். இருபது வருடம் காத்திருக்கிற குடி ஒன்று உலகத்தில் உண்டென்பது எனக்குப் பணக்காரர் விளையாட்டாகத்தான் பட்டது.

இந்த ஏப்ரலில் பத்ரோன் கடையை மூடி ஓய்வுக்குப் போனார். பெட்டியைத் தானே தூக்கி வந்து என் கையில் தந்தார். அதில் நான்கு போத்தல்கள் இருந்தன. அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய பிறிட்ஜ் வாங்குவது பழைய கார் வாங்குவது மாதிரி. விற்கிறவரின் முகத்தைவிடச் சாமானின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலில் கேட்டது கம்பிரசரா இல்லையா என்று. கம்பிரசர் இல்லாத மலிவு வகை சத்தமில்லாமல் ஓடும்; ஆனால் அறைச் சூட்டிலிருந்து ஓரளவுதான் இறக்கும். எங்கள் வீட்டுக் கோடையில் அது வெறும் அலுமாரி. முதல் நாளே மின்சாரம் கொடுத்து வைக்கும்படியும், உள்ளே ஒரு கிளாஸ் தண்ணீர் வைக்கும்படியும் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். போனதும் என் வெப்பமானியை அந்தத் தண்ணீருக்குள் விட்டேன். கதவிலுள்ள இலக்கம் 12 என்றது, வெப்பமானி 13. பரவாயில்லை. கதவு றப்பரில் கடதாசித் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தேன். மேல்மூலையில் மட்டும் சுலபமாக வந்தது. கிளாசை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துத் தண்ணீர் நடுங்குகிறதா என்று பார்த்தேன். ரோச் அடித்துப் பின்பக்கத் தூசியைப் பார்த்தேன். தலையை உள்ளே விட்டு மணந்தேன். பூஞ்சண வாடை இல்லை, காய்ந்த மர வாசம்தான்.

அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்பது வயதிருக்கும். "என் கணவர்கூட வாங்கும்போது இவ்வளவு பார்க்கவில்லை" என்றார். அவர் போய் இரண்டு வருடமாம். போகும்போது உள்ளே பதினெட்டுப் போத்தல்கள், எல்லாம் நல்ல நாளுக்கென்று வைத்தவை. பிள்ளைகள் பிரித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் எதை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். றப்பர் மூலையைக் காட்டிப் பத்து யூரோ குறைக்கலாம் என்று வந்தவன், அதைக் கேட்காமல் 90ஐயும் எண்ணிக் கொடுத்தேன்.

மச்சான் வாகனத்தில் படுக்க வைத்து ஏற்றலாம் என்றான். விடவில்லை. படுத்தால் கம்பிரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்தியே வைத்து இரண்டு பேரும் ஐந்து மாடி ஏற்றினோம். லிப்ட் அன்றைக்கும் பழுது. ஏற்றிய பிறகும் ஒரு நாள் முழுக்க மின்சாரம் கொடுக்காமல் விட்டேன். "குடிக்கிற காலத்தில உங்களுக்கு இந்தப் பொறுமை இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி. அவள் மறுபடி கதைக்கத் தொடங்கியது எனக்கு நிம்மதி.

சாமிப்படச் சுவருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாதென்றாள். ஒழுங்கையில் வைத்தோம். கதவில் பூட்டு இருந்தது. திறப்பை என்னிடம் கேட்காமலே எடுத்துப்போய் விபூதித் தட்டின் கீழ் வைத்தாள். ஒரு கிழமைக்குள் கீழ்த்தட்டில் வெற்றிலையும் கறுத்தக்கொழும்பானும் வந்துவிட்டன. மாம்பழத்துக்கு 4 பாகை கூடாதாம், 12 நல்லதாம். வைனுக்குப் பக்கத்தில் வாசனைச் சாமான் ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஒக்டோபரில் மகள் லியோனிலிருந்து வந்தாள். இருபது வயது. மரப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஆறு பள்ளங்கள்.

"அப்பா, இது ஆறு போத்தல் பெட்டியெல்லோ? மற்ற ரெண்டும் எங்க?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவிக்கும் நான் சொன்னதில்லை. பத்ரோனுக்குத் தெரியும்; அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"நான் குடிச்சிட்டன்."

"எப்ப?"

"2011 மார்கழி. வேலை முடிஞ்சு எல்லாரும் போனாப்பிறகு, நிலவறைப் படியில இருந்து. உனக்கு அப்ப ஆறு வயசு."

அவள் கணக்குப் பார்ப்பவள்போல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"எப்பிடி இருந்தது?"

"ஞாபகமில்லை."

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. திறப்பை எடுத்துவந்து கதவைத் திறந்தாள். ஒரு போத்தலை எடுத்துச் சீட்டை வாசித்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பழையபடி கிடத்தினாள். "இண்டைக்கு வேண்டாம். கிடக்கட்டும்" என்று பூட்டினாள். திறப்பை என்னிடம்தான் நீட்டினாள்.

அடுப்படியிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கொண்டுபோய் விபூதித் தட்டின் கீழ் வைத்தேன்.